கோட்டை மதிலுக்கு 32 பாகை: கணித வகுப்பில் கால்குலேட்டரும் இணையமும்

பெரம்பலூரிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், மங்களமேட்டுக்கு அருகே ரஞ்சன்குடி கோட்டை இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபின் கீழிருந்த ஜாகிர்தார் ஒருவர் கட்டியது. அகழி, அடுக்கடுக்கான மதில்கள், வளைந்த கொத்தளங்கள் என்று அதன் பெரும்பகுதி இன்றும் நின்றுகொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்பில் ‘உயரங்களும் தொலைவுகளும்’ பாடம் நடத்த இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது. பாகைமானியின் மையத்தில் நூலைக் கட்டி, நுனியில் ஒரு சிறு கல்லைத் தொங்கவிட்டால் ஏற்றக்கோணம் அளக்கும் கருவி தயார். மதிலடியிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று மேல்விளிம்பைப் பார்க்கும் மாணவிக்கு 32 பாகை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அவள் என்ன செய்வாள்?

அவள் இதுவரை போட்ட கணக்குகளில் பெரும்பாலும் கோணம் 30 பாகை, இல்லையென்றால் 45, இல்லையென்றால் 60. பக்கத்திலேயே √3-இன் மதிப்பு 1.732 என்று கொடுத்திருப்பார்கள். தேர்வறைக்குள் கருவி எதுவும் வராது என்பதால், கைக்கணக்குக்கு அடங்கும் கோணங்களே கேள்வியாகின்றன. கோட்டையைக் கட்டியவர்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் முக்கோணவியல் அட்டவணை இருக்கிறது. அதைப் புரட்டினால் 32 பாகைக்கு டேன் மதிப்பு 0.6249 என்று கிடைக்கும். சயின்டிபிக் கால்குலேட்டர் இருந்தால் இன்னும் சுலபம். 20-ஆல் பெருக்கினால் திரையில் 12.49738704 என்று விழும். கண்மட்டத்தின் உயரத்தை அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

உண்மையான பாடம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எட்டுத் தசம இடங்களையும் அப்படியே நோட்டில் எழுதும் பிள்ளை, மதிலின் உயரத்தைத் தலைமுடியின் தடிமனைவிட நுணுக்கமாக அளந்துவிட்டதாகச் சொல்கிறாள். அவள் கையிலிருந்ததோ நூலும் கல்லும். காற்றில் நூல் ஆடியிருந்தால் 32 பாகை 31 ஆகவோ 33 ஆகவோ இருந்திருக்கும். 31 என்றால் 12.02 மீட்டர், 33 என்றால் 12.99. ஒரு பாகைப் பிழைக்கு உயரத்தில் அரை மீட்டர் மாறுகிறது. ஆக, ‘ஏறக்குறைய பன்னிரண்டரை மீட்டர், அரை மீட்டர் முன்னேபின்னே’ என்பதே நேர்மையான விடை. மூன்று கோணங்களுக்கும் கையால் பெருக்கிக்கொண்டிருந்தால் பாடவேளை முடிந்துபோகும். கால்குலேட்டர் இருந்தால் இரண்டு நிமிடத்தில் மூன்று விடைகளும் வந்துவிடும், மிச்ச நேரம் முழுவதும் பிழையைப் பற்றிப் பேசலாம். 30-45-60 உலகத்துக்குள் இந்தப் பேச்சு எழவே எழாது.

கால்குலேட்டரை வகுப்பில் அனுமதிக்கலாமா கூடாதா என்ற விவாதம் நம்மிடையே நெடுங்காலமாக நடக்கிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, எந்த மாதிரிக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம் என்பது. கருவி இல்லாமலேயே முடிந்துவிடும் கணக்குகளை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், கால்குலேட்டர் காப்பியடிக்கும் பொருளாக மட்டுமே தெரியும். இணையத்துக்கும் இதே கதிதான்.

‘முன்பெல்லாம் எல்லாமே மனக்கணக்கு’ என்று பெரியவர்கள் சொல்வது உண்மை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியைப் பிள்ளைகள் நாள்தோறும் ஒப்பித்தார்கள். முந்திரி என்றால் 320-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று, மாகாணி 16-இல் ஒன்று. இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கும் வாய்பாடுகளும் மனப்பாடம். இந்த மனனத்தைப் பொருள் புரியாத உருப்போடலாகப் பார்ப்பது தவறு என்று புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு தன் ஆய்வுகளில் விரிவாகக் காட்டியிருக்கிறார். 2022-இல் வந்த அவருடைய ஆங்கில நூல், தமிழ்நாட்டின் கணக்கையும் அளவைகளையும் ஊர்ச் சமூகத்தோடு சேர்த்துப் படிக்கிறது. நிலம் அளப்பவருக்கும் நெல் அளப்பவருக்கும் நினைவுதான் கருவி. அவர்கள் வேலைக்கு அந்தக் கருவி போதுமானதாக இருந்தது, அதைப் பழக்குவதற்கென்றே ஒரு கல்விமுறையும் இருந்தது.

அந்தப் பின்னங்களை இன்றைய கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்பது ஆறாம் வகுப்புக்கு நல்ல பயிற்சி. முந்திரி 0.003125. காணி 0.0125. மாகாணி 0.0625. மூன்று காணி சேர்ந்த முக்காணி 0.0375. எல்லாமே தசமத்தில் சுத்தமாக முடிகின்றன. மூன்றில் ஒன்றைப் போட்டால் 0.3333333 என்று திரை நிரம்பிவிடுகிறது. சாதாரணக் கடைக் கால்குலேட்டரில் அதைத் திரும்ப 3-ஆல் பெருக்கினால் 0.9999999 வரும், 1 வராது. இயந்திரம் தப்பா, நாம் தப்பா? முந்திரியின் 320-ஐப் பகுத்தால் 2-உம் 5-உம் தவிர வேறு பகாக் காரணி இல்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்போது, முடிவுறு தசமம் எது, முடிவுறாத தசமம் எது என்ற பாடம் தானாக வந்து சேர்கிறது. கிழிந்த சுவடியில் இருந்த பின்னமும் பெட்டிக்கடையில் கிடக்கும் கருவியும் ஒரே பாடவேளையில் சந்திக்க முடியும் என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு.

பிறகு மடக்கை அட்டவணை வந்தது. பிளஸ் டூ படித்த எவருக்கும் கிளார்க்ஸ் டேபிள் நினைவிருக்கும். இயற்பியல் செய்முறைத் தேர்வில் அந்த லாக் புத்தகத்தைப் புரட்டாமல் விடை எழுத முடியாது. அதுவும் கணக்கிடும் கருவிதான், தாளில் அச்சான கருவி. அதைப் பயன்படுத்துகிற பிள்ளைக்குப் பெருக்கல் மறந்துபோகும் என்று யாரும் சொன்னதில்லை. மின்கலம் போட்ட கருவி வந்ததும்தான் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது.

பயம் வெறும் கற்பனையா என்று பார்க்க ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஹெம்ப்ரீயும் டெஸார்ட்டும் 1986-இல் 79 ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டார்கள். வழக்கமான பாடத்தோடு சேர்த்துக் கால்குலேட்டரையும் பயன்படுத்திய மாணவர்களுக்குத் தாளில் கணக்குப் போடும் திறன் குறையவில்லை, கணக்கின் மீதான மனப்பான்மையும் மேம்பட்டது. ஒரே விதிவிலக்கு நான்காம் வகுப்பு. அங்கே தொடர்ந்த பயன்பாடு அடிப்படைத் திறனைப் பாதித்தது. 2003-இல் எலிங்டன் 54 ஆய்வுகளை மறுபடி தொகுத்தபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. கற்பித்தலிலும் தேர்விலும் சேர்ந்து கால்குலேட்டர் இடம்பெற்றபோதுதான் கணக்கிடும் திறனும் சிக்கல் தீர்க்கும் திறனும் கூடின.

அமெரிக்க வகுப்பறையின் முடிவை அப்படியே பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டைக்குக் கொண்டுவர முடியாது என்பது சரிதான். ஆனால் நான்காம் வகுப்பு விதிவிலக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பெருக்கலும் வகுத்தலும் கைக்குப் பழகிக்கொண்டிருக்கும் வயது அது. அங்கே கருவியை நீட்டினால் பழக்கம் பாதியில் அறுந்துபோகும். பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் ஆய்வின்படி, நாடு முழுவதும் ஊர்ப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் வகுத்தல் கணக்கைச் செய்யத் தெரிந்தவர்கள் 2018-இல் 27.9 விழுக்காடு, கொரோனாவுக்குப் பின் 2022-இல் 25.6, 2024-இல் 30.7. பத்தில் ஏழு பிள்ளைகளுக்கு வகுத்தல் வரவில்லை. இந்த நிலையில் தொடக்கப் பள்ளியில் வாய்பாட்டையும் மணிச்சட்டத்தையும் புளியங்கொட்டையையும் விட்டுவிட்டுக் கால்குலேட்டரைக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. தமிழ்நாட்டில் 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பாட்டும் பொருளும் விளையாட்டுமாக எண்ணறிவைக் கொடுக்க முயல்வது சரியான திசை.

ஆறாம் வகுப்புக்கு மேல் என் கருத்து வேறு. அதற்கு வலுவான துணையாக ஒரு ஆவணமும் இருக்கிறது. 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகக் கணிதம் கற்பித்தல் பற்றி ஒரு நிலைப்பாட்டு அறிக்கை தயாரானது. அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ரா. ராமானுஜம். பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே பள்ளிக் கணிதத்தின் முதன்மை நோக்கம் என்று சொன்ன அறிக்கை அது. அதில் கால்குலேட்டர் பற்றி ஒரு பத்தி வருகிறது. கூட்டிக் கழிக்க உதவுவதைவிடக் கற்பித்தலில் அதன் மதிப்பு பெரிது என்கிறது அந்தப் பத்தி. ஒரு பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வர்க்கமூலம் எடுத்துப் பார்ப்பதை எடுத்துக்காட்டாகவும் தருகிறது. இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த எளிய சோதனை நம் வகுப்பறைகளில் எத்தனை பேர் கைக்கு எட்டியது?

இதைச் செய்து பார்க்க √ பொத்தான் இருக்கும் எந்த மலிவான கால்குலேட்டரும் போதும். 10-ஐ அழுத்திவிட்டு வர்க்கமூலப் பொத்தானைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். 3.1622776, 1.7782794, 1.3335214, 1.1547819, 1.0746078 என்று எண் இறங்கிவரும். எத்தனை முறை தட்டினாலும் 1-க்குக் கீழே இறங்காது. பக்கத்துப் பெஞ்சில் 5,000-இல் தொடங்கியவனுக்கும் கடைசியில் 1.00 என்றே வருகிறது. இன்னொருத்தி 0.5-இல் தொடங்கியிருப்பாள். அவளுக்கு 0.7071, 0.8409, 0.9170 என்று எண் ஏறுகிறது. ‘வர்க்கமூலம் எடுத்தால் எண் சிறுக்கும்’ என்று நம்பியிருந்த வகுப்பில் அந்த நிமிடம் ஒரு கலகலப்பு எழும். ஏன் ஏறியது என்று பிள்ளைகள் தங்களுக்குள் வாதிடுவார்கள். ஆசிரியர் வாயைத் திறக்காமல் நிற்பதே நல்லது.

அத்தோடு முடியவில்லை. 10-இல் தொடங்கிய பிள்ளை ஒன்பதாவது தட்டலிலிருந்து வருவதைக் கவனித்து எழுதினால் 1.0045073, 1.0022511, 1.0011249, 1.0005623 என்று இருக்கும். 1-க்கு மேலே இருக்கும் சிறு துண்டு ஒவ்வொரு முறையும் ஏறக்குறையப் பாதியாகிறது. பன்னிரண்டாவது தட்டலில் வந்த 0.0005623-ஐ 4,096-ஆல், அதாவது பன்னிரண்டு முறை 2-ஐப் பெருக்கி வரும் எண்ணால் பெருக்கினால் 2.303 வருகிறது. 10-இன் இயல் மடக்கை 2.3026. ஹென்றி பிரிக்ஸ் 1624-இல் வெளியிட்ட மடக்கை அட்டவணைக்காக 10-க்கு 54 முறை அடுத்தடுத்து வர்க்கமூலம் எடுத்தது இந்த வழியில்தான். அவர் எல்லாவற்றையும் கையாலேயே செய்தார். நம் பிள்ளைகள் புரட்டும் லாக் புத்தகம் எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தொட்டுப் பார்க்கலாம். அதற்கு ஆகும் செலவு மலிவான ஒரு கருவியும் ஒரு பாடவேளையும், அவ்வளவுதான்.

இன்னொரு சிறு சோதனையும் உண்டு. 2 + 3 × 4 என்று மளிகைக்கடைக் கால்குலேட்டரில் தட்டினால் 20 வரும். அதையே கைப்பேசியில் தட்டினால் 14. முதலாவது வந்த வரிசையில் கணக்கிட்டுக்கொண்டே போகிறது, இரண்டாவது பெருக்கலுக்கு முன்னுரிமை கொடுக்கிறது. கணிதச் செயல்களின் வரிசை விதியை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, இரண்டு கருவிகளையும் பக்கத்தில் வைத்து ‘எது சரி?’ என்று கேட்பது ஆழமாகப் பதியும். கருவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையை உடைக்கவும் இதுவே வழி.

செலவு குறைந்த பொருள்களால் கணிதம் கற்பிப்பதற்குத் தமிழ்நாட்டில் நல்ல முன்னோடி உண்டு. சென்னையைச் சேர்ந்த பி.கே. சீனிவாசன் தாள், குச்சி, புள்ளிக்கட்டம் ஆகியவற்றை வைத்தே வாழ்நாள் முழுவதும் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1993-இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தையும் கணிதக் கல்வி மையத்தையும் உருவாக்கியவரும் அவரே. கருவியின் விலைக்கும் பாடத்தின் தரத்துக்கும் தொடர்பில்லை என்பதை அவரிடம் படித்த ஆசிரியர்கள் அறிவார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று என்று வைத்தால் 40 பேர் வகுப்புக்கு 20 கால்குலேட்டர் போதும். ஒளியில் இயங்கும் வகையை வாங்கினால் மின்கலம் மாற்றும் வேலையும் இல்லை. ஒரு அட்டைப்பெட்டியில் அடங்கும் இந்தப் பொருளை நாம் கேட்டுப் பெறவில்லை. ஆனால் திரைகள் நிறையவே வந்து சேர்ந்தன.

2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்களில் ஒவ்வொரு அலகிலும் கியூஆர் குறியீடு இடம்பெற்றது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகளுக்கான திட்டம், ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி, 2023-இல் மணற்கேணி செயலி என்று வரிசை நீள்கிறது. இந்தியாவின் பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது பெருமைப்படத் தக்க முதலீடு. அரசுப் பள்ளிப் பிள்ளைக்குத் தமிழிலேயே, காசில்லாமல் காணொலிகள் கிடைக்கின்றன என்பதை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது.

இந்த இணைய வளங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல என்பதைத்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை. காணொலி என்பது ஆசிரியர் விளக்குவதைத் திரையில் காட்டுவது. ஆசிரியர் வராத நாளிலும், ஒரு படியைத் தவறவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டியபோதும் அது பெரிய உதவி. ஆனால் பார்த்துக்கொண்டிருப்பவர் கையில் பென்சில் இல்லை என்றால் கணக்கு உள்ளே போகாது. 2020-இல் பள்ளிகள் மூடிய மாதங்களில் இதை வீடுதோறும் பார்த்தோம். தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, சந்தேகம் கேட்க ஆள் இல்லை. 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். விட்டுப்போன கற்றலைத் திரும்பப் பிடிக்க, பக்கத்தில் உட்கார ஒரு அக்கா தேவைப்பட்டார் என்பதை அரசே ஏற்றுக்கொண்டு செய்த வேலை அது.

ஜியோஜீப்ரா வேறு வகை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இலவச மென்பொருள். நம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களில் பாடங்களின் முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்ற தலைப்பில் இதன் பக்கங்களுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். புத்தகத்திலேயே மிகவும் நல்ல பகுதி என்று நான் கருதுவது இதைத்தான். மிகவும் அலட்சியமாகத் தாண்டிப்போகும் பகுதியும் இதுதான், ஏனென்றால் தேர்வில் இதிலிருந்து கேள்வி வராது.

என்ன இழக்கிறோம் என்பதற்கு இருபடிச் சார்பின் வரைபடத்தையே எடுத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண், செய்முறை வடிவியலுக்கு 8. கணக்கைக் கண்டு பயப்படும் பிள்ளைகளுக்கு இந்த 16 மதிப்பெண்தான் தேர்ச்சிக்கான பிடிமானம். அதனால் கடைசி மாதங்களில் வரைபடத்தாளில் புள்ளி வைத்துப் புள்ளி வைத்துப் பழக்குகிறார்கள். ஒரு எண்ணின் வர்க்கம், அதன் மூன்று மடங்கு, அதோடு 2 என்ற மூன்றையும் கூட்டும் சார்பை எடுத்தால், அட்டவணை போட்டு, வளைகோடு வரைந்து, கிடை அச்சை −1-இலும் −2-இலும் வெட்டுகிறது என்று எழுதி முடிப்பார்கள். இருபது நிமிட வேலை. அந்த 2-க்குப் பதில் 3 இருந்தால் என்ன ஆகும் என்று கேட்க நேரமே இருக்காது.

ஜியோஜீப்ராவில் அந்த மாறிலிக்கு ஒரு நழுவு பொத்தானை வைத்து இழுத்தால் வளைகோடு அப்படியே மேலே ஏறுகிறது. வெட்டுப்புள்ளிகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. 2.25 வரும்போது இரண்டும் −1.5-இல் ஒன்றாகின்றன. அதைத் தாண்டி இழுத்தால் வளைகோடு அச்சைத் தொடாமல் மேலே போய்விடுகிறது. மெய் மூலங்கள், சம மூலங்கள், மெய் மூலங்கள் இல்லை என்று மூன்று தனித்தனி விதிகளாகப் படித்தது ஒரே அசைவில் கண்முன் நடக்கிறது. தன்மைகாட்டியின் மதிப்பைப் பக்கத்தில் காட்டச் சொன்னால் அது மிகை எண்ணிலிருந்து 0-க்கு வந்து குறை எண்ணாக மாறுவதும் தெரியும். முக்கியமானது, இழுப்பது யார் என்பது. ஆசிரியர் ஸ்மார்ட் போர்டில் இழுத்துக் காட்டினால் அது இன்னொரு காணொலி ஆகிவிடும். ‘2.25 வரப்போகிறது, என்ன நடக்கும் என்று முதலில் நோட்டில் எழுது’ என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை இழுக்கவிட வேண்டும்.

வீட்டில் இணையம் என்பது தனிக் கதை. ஊர்ப்புறங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும் என்று 2024 அசர் ஆய்வு சொல்கிறது. அவர்களில் 57 விழுக்காட்டினர் ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்பு தொடர்பாக அதைப் பயன்படுத்தினார்கள், சமூக ஊடகத்துக்காக 76 விழுக்காட்டினர். வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு வயலுக்கோ வேலைக்கோ போயிருக்கும், இரவு வந்தால்தான் கையில் கிடைக்கும் என்ற வீடுகள் இந்தப் பக்கத்தில் ஏராளம். கியூஆர் குறியீட்டை வீட்டுப்பாடமாகக் கொடுக்கும் ஆசிரியர் இதை நினைவில் வைக்க வேண்டும். பள்ளியின் ஹைடெக் லேபில் வாரம் ஒரு கணிதப் பாடவேளை உறுதியாகக் கிடைத்தால், வீட்டில் போன் இல்லாத பிள்ளையும் மற்றவர்களோடு சமமாக உட்காரலாம்.

கணக்கைப் படம் பிடித்தால் படிப்படியாக விடை எழுதித்தரும் செயலிகள் பத்து ஆண்டுகளாகவே புழக்கத்தில் இருக்கின்றன. இப்போது செயற்கை நுண்ணறிவு அதை இன்னும் எளிதாக்கிவிட்டது. பயிற்சி 6.2-இல் எல்லாக் கணக்கையும் போட்டுக்கொண்டு வா என்று சொன்னால், போட்டது யார் என்று இனிமேல் யாருக்கும் தெரியாது. இதற்குத் தடையால் பதில் சொல்ல முடியாது. ஒரு கணக்குக்கு இரண்டு தீர்வுகளைக் கொடுத்து எதில் எந்தப் படியில் தப்பு என்று கேட்பது, விடையைக் கொடுத்துவிட்டு அதற்கான கேள்வியை உருவாக்கச் சொல்வது, பெஞ்சுக்கு முன்னால் நின்று வாயால் விளக்கச் சொல்வது போன்றவையே வழி. ஆசிரியருக்கு வேலை கூடும் என்பது உண்மைதான்.

எல்லாம் கடைசியில் தேர்வில் போய் முட்டுகிறது. எலிங்டன் தொகுத்த ஆய்வுகள் சொன்னதும் இதையே. பாடத்தில் இருந்து தேர்வில் இல்லாத கருவிக்கு வகுப்பில் மதிப்பிருக்காது. மற்றவர்கள் இதை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்க்கலாம். சிங்கப்பூரின் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் 2009 முதல் கணிதத்தின் முதல் தாள் கால்குலேட்டர் இல்லாமல், இரண்டாம் தாள் கால்குலேட்டரோடு. நம் தமிழ்ப் பிள்ளைகளும் எழுதும் தேர்வு அது. இங்கிலாந்தில் பதினொரு வயதுத் தேர்விலிருந்து 2014-இல் கால்குலேட்டரை எடுத்துவிட்டார்கள். அதே நாட்டில் பதினாறு வயதுத் தேர்வின் மூன்று தாள்களில் ஒன்று கருவி இல்லாமல், இரண்டு கருவியோடு. இந்தியாவிலேயே ஐ.எஸ்.சி. பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு எஃப்எக்ஸ்-82 போன்ற எளிய சயின்டிபிக் கால்குலேட்டர் அனுமதி. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கு சிபிஎஸ்இ சாதாரண கால்குலேட்டரை அனுமதித்திருக்கிறது. எண்ணைக் கையாள்வதில் பிறவியிலேயே தடை இருக்கும் பிள்ளைக்கு இது சலுகையே அல்ல, கண்ணாடி அணிந்து தேர்வெழுதுவது போன்ற உரிமை.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ வரை கணிதத் தேர்வில் கருவி இல்லை, ஜேஇஇ-யிலும் இல்லை. அடுத்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் சேர்ந்ததும் எஃப்எக்ஸ்-991 சயின்டிபிக் கால்குலேட்டர் வாங்கச் சொல்கிறார்கள். அரியலூரிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. பள்ளிக்கும் அந்தக் கல்லூரிக்கும் இடையே யாரும் அந்தக் கருவியைக் கையில் கொடுத்துச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். சைன் 30 என்று தட்டினால் 0.5-க்குப் பதில் −0.988 வருகிறது. கருவி ரேடியனில் இருக்கிறது என்று தெரியாமல் அந்த விடையோடு அடுத்த படிக்குப் போய்விடுகிற முதலாமாண்டு மாணவர்கள் உண்டு. 30 பாகைக்குக் குறை எண் வர வாய்ப்பே இல்லை என்று உள்ளுக்குள் ஒரு மணி அடித்திருக்க வேண்டும். அந்த மணி பள்ளியில் பழக்க வேண்டியது. உத்தேசமாக எவ்வளவு வரும் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகே பொத்தானை அழுத்துகிற பழக்கம் அது. மளிகைக் கடைக்காரர்களிடமும் மண்டியில் எடை போடுகிறவர்களிடமும் இந்தப் பழக்கம் நன்றாகவே இருக்கிறது.

பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வை இரண்டாகப் பிரிக்கலாம் என்பது என் கருத்து. ஒரு பகுதி வாய்பாடும் கைக்கணக்கும் வடிவியல் நிரூபணமும். மறுபகுதியில் கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கேள்விகள் நடப்பு எண்களோடு இருக்க வேண்டும். கருவியைப் பள்ளியே கொடுக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே வகை, வீட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது. கேள்வித்தாள் மாறாமல் ஆசிரியர் பயிற்சியை மட்டும் நடத்தினால், பயிற்சி முடிந்த மறுநாளே வகுப்பு பழைய தடத்துக்குத் திரும்பிவிடும். அதற்காக ஆசிரியரைக் குறை சொல்லவும் முடியாது. தேர்ச்சி விழுக்காட்டுக்கு அவரைத்தான் பதில் கேட்கிறார்கள்.

நடப்பு எண்களுக்கு எங்கும் தேட வேண்டியதில்லை. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டிருக்கும் எந்த வீட்டிலும் பட்டா இருக்கும். அரசின் இணையதளத்திலும் அதைப் பார்க்கலாம். பட்டாவில் நிலம் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும், வீட்டில் பேசுவது ஏக்கர், சென்ட். பெயரையும் சர்வே எண்ணையும் மறைத்துவிட்டு 0 ஹெக்டேர் 41.50 ஏர் என்ற பரப்பை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவரலாம். ஒரு ஹெக்டேருக்கு 2.47 ஏக்கர் என்று ஒரு குழு பெருக்குகிறது, 102.505 சென்ட் வருகிறது. இன்னொரு குழு 2.471 என்று போட்டு 102.5465 சென்ட் என்கிறது. வித்தியாசம் 0.0415 சென்ட், அதாவது 18 சதுர அடி. ஒரு கட்டில் போடும் இடம். மக்காச்சோளக் காட்டில் இது ஒரு பொருட்டா, நெடுஞ்சாலை ஓரத்து வீட்டுமனையில் பொருட்டா? மூன்று அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 34.18 சென்ட் என்று எழுதலாமா, எழுதினால் விடுபடும் துண்டு எத்தனை சதுர அடி, அது யாருக்கு? பெருக்கலையும் வகுத்தலையும் கால்குலேட்டர் நொடியில் முடித்துவிடும். எத்தனை தசம இடம் வைப்பது என்று முடிவு செய்து அதற்குக் காரணம் எழுத ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். ஐந்து மதிப்பெண் கொடுக்க வேண்டிய கேள்வி அது.